கறுப்பும் சிவப்பும் ஒரே மண்தான்: கிரேக்கக் கலங்களின் ஓவியமும் அவை செய்த வேலையும்

பண்டைய ஏதென்ஸில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதீனா தெய்வத்துக்குப் பெருவிழா எடுப்பார்கள். ஓட்டம், மல்யுத்தம், தேர்ப்பந்தயம் எல்லாம் நடக்கும். வென்றவர்களுக்குப் பரிசு ஆலிவ் எண்ணெய். அதுவும் ஏதோ ஒரு குப்பி எண்ணெய் இல்லை, சுமார் 39 லிட்டர் கொள்ளும் பெரிய ஜாடிகளில், ஜாடி ஜாடியாகக் கொடுத்தார்கள். கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று தேர்ப்பந்தயத்தில் முதலில் வந்தவருக்கு 140 ஜாடிகள் என்று சொல்கிறது. கணக்குப் போட்டால் ஐந்தாயிரம் லிட்டரைத் தாண்டுகிறது. ஜாடியின் ஒரு பக்கம் கேடயமும் ஈட்டியும் ஏந்திய அதீனா. மறுபக்கம், எந்தப் போட்டிக்கான பரிசோ அந்தப் போட்டியின் காட்சி. அதீனாவின் அருகே 'ஏதென்ஸ் போட்டிப் பரிசுகளில் ஒன்று' என்ற வாசகம்.

இந்த ஜாடிகளை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். கி.மு. 560-ஐ ஒட்டிச் செய்த ஜாடியும் கி.மு. 340-ஐ ஒட்டிச் செய்த ஜாடியும் ஒரே முறையில், கறுப்பு உருவங்களாகவே தீட்டப்பட்டிருக்கின்றன. இடையில் ஏதென்ஸ் ஓவியர்கள் மற்றக் கலங்களில் அந்த முறையைக் கைவிட்டு, அதற்கு நேர் தலைகீழான முறைக்கு மாறி, நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பரிசு ஜாடிக்கு மட்டும் ஏன் பழைய முறை?

கிரேக்கக் கலங்களை அறிமுகப்படுத்தும்போது வழக்கமாக ஒரு ஏணியைக் காட்டுவார்கள். முதற்படியில் கோடும் கட்டமும், அடுத்து கறுப்புருவம் (சிவந்த மண்மேல் கறுப்பு உருவங்கள்), அதற்கு மேல் செவ்வுருவம் (கறுப்புப் பின்னணியில் சிவப்பு உருவங்கள்). கால வரிசை சரிதான். ஆனால் ஏணி என்று வைத்துக்கொண்டால் இந்தப் பரிசு ஜாடியை எந்தப் படியில் வைப்பது? ஒவ்வொரு கலமும் என்ன வேலைக்குப் பிறந்தது என்று கேட்டால்தான் அதன் ஓவியம் ஏன் அப்படி இருக்கிறது என்பது பிடிபடுகிறது.

முதலில் மண்ணைப் பார்த்துவிடுவோம். ஏதென்ஸைச் சுற்றிக் கிடைக்கும் களிமண்ணில் இரும்பு அதிகம், சுட்டால் நல்ல செம்மஞ்சளாகச் சிவக்கும். அந்தச் சிவப்புக்கு மேல் கண்ணாடிபோல மினுக்கும் கறுப்பைப் பார்க்கிறவர்கள், ஏதோ கறுப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். உண்மையில் அதுவும் அதே களிமண்தான். மண்ணைத் தண்ணீரில் கரைத்து நாள்கணக்கில் தெளிய விடுவார்கள். கரடான மண் அடியில் தங்கிவிடும், மேலே மிதக்கும் மிக நுண்ணிய மண்ணை மட்டும் வடித்தெடுத்து, சுண்டவைத்துக் குழம்பாக்குவார்கள். ஓவியர் தூரிகையில் தொட்டது இந்தக் குழம்பைத்தான். பூசும்போது கலத்தின் நிறத்துக்கும் குழம்பின் நிறத்துக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. தன் ஓவியம் முடிவில் எப்படி இருக்கும் என்பதை ஓவியர் மனத்துக்குள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறத்தைப் பிரித்தது சூளை. முதற்கட்டத்தில் காற்று தாராளமாக உள்ளே போக, வெப்பம் சுமார் 800 பாகை செல்சியஸுக்கு ஏறும். மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து எல்லாமே சிவக்கும். அப்புறம் காற்று வழியை அடைத்து, பச்சை விறகோ ஈரமான எரிபொருளோ உள்ளே தள்ளுவார்கள். சூளை புகைந்து மூச்சு முட்டும், வெப்பம் 900 பாகையைத் தாண்டும். ஆக்சிஜன் கிடைக்காத நெருப்பு, மண்ணுக்குள் இருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். இப்போது கலம் முழுக்கக் கறுப்பு. நுண்மண் குழம்பு பூசிய இடங்கள் மட்டும் இந்த வெப்பத்தில் இளகி இறுகி, கண்ணாடி போன்ற ஒரு தோலாகிவிடும். மூன்றாவது கட்டத்தில் காற்று வழியைத் திறந்துவிட்டு ஆற விடுவார்கள். பூசாத இடம் நுண்துளைகள் நிறைந்தது. காற்று உள்ளே புகுந்து அதை மறுபடி சிவப்பாக்கும். பூசிய இடத்தில் தோல் மூடிக்கிடப்பதால் காற்று புகாது, கறுப்பு அப்படியே நிற்கும்.

இத்தனையையும் வெப்பமானி இல்லாமல், புகையின் நிறத்தையும் நெருப்பின் நிறத்தையும் கண்ணால் அளந்தே செய்தார்கள். காற்று வழியைச் சற்று முன்னதாகத் திறந்தாலும், பின்னதாகத் திறந்தாலும் அந்தச் சூளையிலுள்ள பானைகள் எல்லாமே கெட்டுவிடும். அருங்காட்சியகங்களில் உள்ள கலங்களை உற்றுப் பார்த்தால் கறுப்பு சரியாகப் பிடிக்காமல் செம்பழுப்பாக நிற்கும் திட்டுகளைக் காணலாம். சூளையில் ஒன்றோடொன்று ஒட்டி நின்ற தடங்கள் சிலவற்றில் வட்டமாகத் தெரியும். கொரிந்த் நகருக்கு அருகே பென்டெஸ்கூஃபியாவில் கிடைத்த சுடுமண் பலகைகளில் குயவர்கள் தங்கள் சூளையையே வரைந்து வைத்திருக்கிறார்கள். சூளைமேல் ஏறி நின்று புகைத் துளையைக் கவனிக்கும் மனிதரை அவற்றில் பார்க்கும்போது, கடைசியில் எல்லாம் அவர் கண்ணை நம்பித்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றும். இந்த நுட்பம் இடையில் மறந்தே போனது. ஜெர்மன் வேதியியலாளர் தியோடர் ஷூமன் 1942-இல் இதை மறுபடி கண்டு சொன்னார். பின்னர் அமெரிக்கரான ஜோசப் நோபிள் கலங்களைத் தானே சுட்டுப் பார்த்து விளக்கினார்.

ஆக, கறுப்புருவ ஓவியருக்கும் செவ்வுருவ ஓவியருக்கும் கையில் இருந்தது ஒரே மண், ஒரே குழம்பு, ஒரே சூளை. எந்த இடத்தில் பூசுவது, எந்த இடத்தை விடுவது என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

கல்லறையிலிருந்து தொடங்கலாம். கி.மு. 8-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில், டிபிலான் இடுகாட்டில், 1.55 மீட்டர் உயர ஜாடி ஒன்று நின்றது. ஓர் ஆள் உயரம். ஒரே வீச்சில் வனைய முடியாத அளவு, பகுதி பகுதியாக வனைந்து ஒட்டியிருக்கிறார்கள். கழுத்திலிருந்து அடிவரை வளைந்து வளைந்து செல்லும் கட்டக் கோடுகள், முக்கோணங்கள், மேயும் மான்கள், படுத்த ஆடுகள். இடைவெளியே இல்லை. கைப்பிடிகளுக்கு நடுவே ஒரு சிறு சட்டத்தில் மட்டும் மனிதர்கள்: பாடையில் இறந்த பெண், சுற்றிலும் இரு கைகளையும் தலையில் வைத்து அழுகிறவர்கள். முக்கோண மார்பு, குச்சிக் கால்கள், முகம் என்று எதுவும் இல்லை. சிறுபிள்ளைக் கிறுக்கல் என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு, அது அநியாயம். இந்த ஜாடி கையில் எடுத்துப் பார்க்க வைத்ததில்லை, புதைத்த இடத்தின் மேல் வெட்டவெளியில் நின்ற நினைவுச்சின்னம். தூரத்தில் வருகிறவருக்கு இறந்தவரின் முகச்சாயல் தேவையில்லை, இங்கே துக்கம் நிற்கிறது என்று தெரிந்தால் போதும். தலைமேல் போன கைகளின் வரிசை அதைச் சொல்லிவிடுகிறது. ஆண்களின் கல்லறைகளுக்கு இதேபோல் வாய் அகன்ற பெருங்கலங்களை வைத்தார்கள். அவற்றில் சிலவற்றின் அடியில் துளை இருக்கிறது. மேலே ஊற்றும் படையல் நேராக மண்ணுக்குள் இறங்கட்டும் என்பதற்காக.

இதற்கு அப்படியே எதிர்த்திசையில் கொரிந்த் நகரம். அங்கே கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் வாசனை எண்ணெய் வணிகம் செழித்தது. எண்ணெயை அனுப்ப உள்ளங்கையில் அடங்கும் குட்டிக் குப்பிகள் செய்தார்கள். குறுகிய வாய், எண்ணெயைத் தோலில் தடவ வசதியாகத் தட்டையான விளிம்பு. இத்தனை சிறிய பரப்பில் தூரிகையால் ஒரு சிங்கத்தின் பிடரி மயிரை வரைந்து பாருங்கள், குழம்பு பரவிச் சிங்கம் கறைத்திட்டாகிவிடும். கொரிந்த் ஓவியர்கள் வழி கண்டுபிடித்தார்கள். உருவத்தை முழுக்கக் கறுப்பாகப் பூசிவிட்டு, உள்விவரங்களைக் கூர்முனையால் கீறி எடுத்தார்கள். கீறிய கோடு வழியே அடியிலுள்ள வெளிர்மண் தெரியும். கறுப்புருவ முறை இப்படித்தான், கி.மு. 700-ஐ ஒட்டி, சின்னக் குப்பிகளின் தேவையோடு சேர்ந்து வளர்ந்தது. கொரிந்த் மண் வெளிறியது, ஏதென்ஸ் மண்ணின் சிவப்பு அதில் வராது. பின்னாளில் ஏதென்ஸ் கலங்களுக்கு மவுசு கூடியபோது, கொரிந்த் குயவர்கள் தங்கள் வெளிர்மண் மேல் செம்மஞ்சள் பூசி அதைப்போலவே ஆக்கப் பார்த்தார்கள்.

ஏதென்ஸ் இந்த முறையைக் கற்றுக்கொண்டதும் கதை சொல்ல ஆரம்பித்தது. கி.மு. 570-ஐ ஒட்டி எர்கோடிமோஸ் வனைந்து க்ளெய்டியாஸ் தீட்டிய 66 சென்டிமீட்டர் உயரக் கலத்தில் சுமார் 270 உருவங்கள், 121 எழுத்துக்குறிப்புகள். இன்று ஃப்ளாரன்ஸில் இருக்கும் இந்தக் கலம் 'கிராட்டர்' என்ற வகை. விருந்தில் மதுவையும் தண்ணீரையும் கலக்கும் பாத்திரம். கிரேக்கர்கள் மதுவைத் தண்ணீர் கலக்காமல் குடிப்பதைக் காட்டுமிராண்டிப் பழக்கம் என்று நினைத்தவர்கள். கலக்கும் பாத்திரம் கூடத்தின் நடுவே நிற்கும், சாய்ந்து படுத்திருக்கும் விருந்தினர்களின் பார்வை அதன்மேலேயே இருக்கும். அதனால்தான் அதைச் சுற்றிப் படித்துக்கொண்டே போகிற மாதிரி கதைகளை அடுக்கடுக்காக வைத்தார்கள். டிராய் போரின் மாவீரன் அக்கிலீஸின் பெற்றோர் திருமணத்துக்குத் தேவர்கள் தேரில் ஊர்வலமாக வருகிறார்கள். யார் யார் என்று பெயரும் எழுதியிருக்கிறது. பேச்சுக்கு எடுத்துக் கொடுக்கும் கலம் இது.

கறுப்புருவத்தின் உச்சம் எக்ஸீகியாஸ் என்ற ஓவியர். வாட்டிகனில் உள்ள அவருடைய ஜாடியில் அக்கிலீஸும் அவன் சக வீரன் அயாக்ஸும் போருக்கு இடையே குனிந்து உட்கார்ந்து காய் உருட்டுகிறார்கள். ஒருவர் வாயருகே 'நான்கு', மற்றவர் வாயருகே 'மூன்று' என்று எழுதியிருக்கிறது. இருவரின் மேலாடைகளிலும் மயிரிழைக் கீறல்களால் பூவேலை. அத்தனையும் காய்ந்த குழம்பின் மேல் கீறியது, கை தவறினால் திருத்த வழியில்லை. இவரே செய்த குடிகிண்ணம் ஒன்று மியூனிக்கில் இருக்கிறது. உள்ளே பவளச் சிவப்புப் பரப்பில் மதுக்கடவுள் டயோனிசஸ் படகில் சாய்ந்திருக்கிறார், பாய்மரத்திலிருந்து திராட்சைக்கொடி படர்கிறது, சுற்றிலும் டால்ஃபின்கள். மது நிறைந்திருக்கும்போது இதில் எதுவும் சரியாகத் தெரியாது. குடித்து முடிக்கும்போது கடவுள் வெளிவருவார். கிண்ணத்தின் வெளிப்புறத்தில் இரண்டு பெரிய கண்கள். குடிக்கக் கிண்ணத்தை உயர்த்தினால், எதிரே இருப்பவருக்கு அந்தக் கண்களும் காதுபோன்ற கைப்பிடிகளும் வாய்போன்ற அடிப்பாகமும் சேர்ந்து ஒரு முகமூடியாகத் தெரியும். கைக்கு வந்த பிறகு, அசையும்போதுதான் இந்த ஓவியம் முழுமையாகிறது. கண்ணாடிப் பேழைக்குள் அசையாமல் வைத்துப் பார்க்கும் நமக்கு அதில் பாதிதான் கிடைக்கிறது.

கறுப்புருவத்துக்கு ஒரு முட்டுக்கட்டை இருந்தது. இரண்டு கறுப்பு உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று வந்தால் எது யாருடைய கால் என்று தெரியாது. பெண்களின் தோலுக்கு வெள்ளை, ஆடைக்குச் செவ்வூதா என்று மேற்பூச்சுக் கொடுத்துச் சமாளித்தார்கள். கீறல் கோடு எங்கும் ஒரே தடிமன்தான். உடம்பு முறுகுவது, வயிறு மடிவது எல்லாம் அதில் வராது. கி.மு. 530-520 வாக்கில் யாரோ ஒருவர் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டார். உருவத்தை மண்ணின் சிவப்பிலேயே விட்டுவிட்டுப் பின்னணியைக் கறுப்பால் நிரப்பினார்கள். கீறிய இடத்தில் இனித் தூரிகை. கெட்டியான குழம்பில் புடைத்து நிற்கும் கறுப்புக்கோடு, நீர்த்த குழம்பில் தேன்நிறத் தசைநார், முடியிழை. ஆரம்பத்தில் ஒரே ஜாடியின் ஒரு பக்கம் கறுப்புருவம், மறுபக்கம் செவ்வுருவம் என்று இரண்டையும் போட்டுக் காட்டினார்கள். எது நன்றாக இருக்கிறது என்று வாங்குகிறவரிடமே கேட்பதுபோல.

அடுத்த தலைமுறை ஓவியர்கள் உடம்பை வரைவதில் ஒருவரோடொருவர் போட்டியிட்டார்கள். மியூனிக்கில் உள்ள ஒரு ஜாடியில், போதையில் ஆடும் மூன்று பேரின் முதுகையும் இடுப்பையும் முறுக்கிக் காட்டிய யூதிமிடீஸ், பக்கத்தில் 'யூஃப்ரோனியோஸுக்கு ஒருநாளும் இப்படி வந்ததில்லை' என்று பொருள்படும்படி எழுதி வைத்தார். 2500 ஆண்டுக்கு முந்தைய பட்டறைப் பூசல் இன்றும் அப்படியே காதில் விழுகிறது. இந்த வகைக் கலங்களில் பெரும்பங்கு ஆண்களின் மது விருந்துக்கே உரியவை என்பதை மறந்துவிடக்கூடாது. குடிக்கிற கிண்ணத்திலேயே குடிகாரர்களை வரைந்தார்கள். வூர்ஸ்பர்க் நகரிலுள்ள ஒரு கிண்ணத்தைக் காலிசெய்தால் அடியில் ஓர் ஆள் வாந்தி எடுக்கிறார், ஓர் இளம்பெண் அவர் தலையைத் தாங்கிப் பிடிக்கிறாள். குடிக்கிறவருக்கு அவருடைய முடிவைக் காட்டும் ஓவியம் அது. தன் உடம்பையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு கூட்டத்துக்கு, உடம்பை வரையத் தோதான முறை வந்து வாய்த்தது.

வெண்பூச்சு முறையின் கதை வேறு. இரும்பு குறைந்த வெள்ளைமண்ணைக் கலத்தின் மேல் பூசி, அதன்மேல் மெல்லிய கோட்டில் வரைந்து, சுட்ட பிறகு நீலம், பச்சை, சிவப்பு என்று நிறம் தீட்டுவது. காகிதத்தில் வரைவதுபோலச் சுதந்திரமான முறை. அழகில் மற்ற இரண்டையும் விஞ்சும். ஆனால் தொட்டால் உதிரும், கழுவினால் போய்விடும். அன்றாடப் புழக்கத்துக்கு ஆகாது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் இந்த முறையை இறந்தவர்களுக்கு என்றே ஒதுக்கிவிட்டார்கள் என்று சொல்லும் அளவுக்கு, கல்லறையில் வைக்கும் ஒடுங்கிய எண்ணெய்க்குப்பியான 'லெகிதோஸ்' கலத்தோடு அது ஒட்டிக்கொண்டது. ஒருமுறை வைத்துவிட்டால் யாரும் எடுத்துப் புழங்கப் போவதில்லை, எனவே உதிரும் நிறம் ஒரு குறையாகத் தெரியவில்லை. அதில் வரும் காட்சிகளில் கூச்சல் இல்லை. கல்லறைத் தூணுக்கு நாடா கட்ட வரும் பெண், கூடை ஏந்தி நிற்கும் பணிப்பெண், இறந்தவர்களை மறுகரை சேர்க்க ஓடத்தோடு காத்திருக்கும் ஓடக்காரன் காரோன். டிபிலான் ஜாடியின் தலையிலடிக்கும் கைகளிலிருந்து இந்த மௌனத்துக்கு முந்நூறு ஆண்டு. இரண்டும் ஒரே ஊரின் துக்கம்தான்.

இந்தக் குப்பிகளில் சிலவற்றை ஆராய்ந்தபோது உள்ளே இன்னொரு குட்டிக் குப்பி இருந்தது. கழுத்தோடு ஒட்டிய அந்தச் சின்னக் குடுவை கொஞ்சம் எண்ணெயிலேயே நிரம்பிவிடும். பார்க்கிறவருக்குக் குப்பி முழுக்க எண்ணெய்போலத் தெரியும். சுடும்போது உள்ளே அடைபட்ட காற்று வெடித்துவிடாமலிருக்கச் சிறு துளையும் வைத்தார்கள். இதை ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை. செலவைச் சுருக்கியாவது இறந்தவருக்குச் செய்யவேண்டியதை முறையாகச் செய்துவிட வேண்டும் என்ற குடும்பங்கள் எல்லாக் காலத்திலும் உண்டு.

சரி, பரிசு ஜாடிக்கு வருவோம். பின்பக்க வீரர்களைக் காலத்துக்கு ஏற்ற பாணியில் வரைந்தார்கள். 4-ஆம் நூற்றாண்டு ஜாடிகளில் அந்த வீரர்களின் உடம்பு இயல்பாக வளைகிறது. முன்பக்க அதீனா மட்டும் பழங்காலச் சிலைபோல விறைத்து நிற்கிறாள். ஆகவே புதிதாக வரையத் தெரியாமல் பழையதைத் தொடர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார்கள். அந்த ஜாடி நகரத்தின் பெயரால் கொடுக்கப்படுவது, வெற்றிக்கான சான்று. தாத்தா வாங்கிவந்த ஜாடியும் பேரன் வாங்கிவந்த ஜாடியும் ஒன்றுபோல் இருந்தால்தான், எங்கே வைத்தாலும் 'இது ஏதென்ஸ் பரிசு' என்று பார்த்ததும் தெரியும். விருந்துக்கிண்ணத்துக்குப் புதுமை வேண்டும், முத்திரைக்கு மாறாத முகம் வேண்டும்.

ஆனால் ஒரு கலத்தின் வேலை இன்னதென்று செய்தவர் தீர்மானித்தாலும், வாங்கியவர் அதை வேறொன்றாக மாற்றிவிடுவார். மேலே சொன்ன கலங்களில் பல இத்தாலியில், ரோமர்கள் எழுச்சிபெறும் முன் அங்கே செழித்த எட்ருஸ்கர்களின் கல்லறைகளில் கிடைத்தவை. க்ளெய்டியாஸின் கலம் கியூசியில், எக்ஸீகியாஸின் ஜாடியும் யூதிமிடீஸின் ஜாடியும் வுல்சியில். 1828-க்குப் பிறகு வுல்சியில் ஆயிரக்கணக்கில் தோண்டி எடுத்தார்கள். அதற்கும் முன்பே இத்தாலியில் இவை ஏராளமாகக் கிடைத்ததால் எட்ருஸ்கர்கள் செய்தவை என்றே ஐரோப்பா நம்பியது. ஜோசையா வெட்ஜ்வுட் 1769-இல் திறந்த தன் பீங்கான் ஆலைக்கு எட்ரூரியா என்று பெயர் வைத்தது அந்த நம்பிக்கையில்தான். ஏதென்ஸ் குயவர்கள் இந்தச் சந்தையை நன்றாக அறிந்திருந்தார்கள். நிகோஸ்தெனீஸ் என்பவர் எட்ருஸ்கர்களின் உள்ளூர்க் கறுப்பு ஜாடி வடிவத்தையே எடுத்து, ஏதென்ஸ் ஓவியம் போட்டு அவர்களுக்கே விற்றார். விருந்துக்காகச் செய்த கிராட்டர் அங்கே கல்லறைக்குள் போய் அமர்ந்தது. அதன் அருகில் என்ன இருந்தது, யாருக்காக வைத்தார்கள் என்பதெல்லாம் அதை முறையாகத் தோண்டியெடுத்தால் மட்டுமே தெரியும். டிராய் போரில் மாண்ட சார்பெடானை யூஃப்ரோனியோஸ் தீட்டிய கிராட்டரை இத்தாலியின் செர்வெடெரி பக்கம் 1971-இல் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்தார்கள். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 1972-இல் அதைப் பத்து லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. 2008-இல் கலம் இத்தாலிக்குத் திரும்பிவிட்டது. அது கிடந்த கல்லறையின் கதை திரும்பவில்லை. அந்த இழப்பு எனக்கு இன்றும் ஆறவில்லை.

இன்னும் வடக்கே போன கலங்களும் உண்டு. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே க்ளைனாஸ்பெர்க்லே என்ற புதைமேட்டை 1879-இல் தோண்டியபோது, பண்டைய ஐரோப்பிய இனத்தவரான கெல்டியர்களின் பெருங்குடி ஒருவரது கல்லறையில் கி.மு. 450-ஐ ஒட்டிய இரண்டு ஏதென்ஸ் கிண்ணங்கள் கிடைத்தன. ஒன்றில் செவ்வுருவ ஓவியம், மற்றதில் ஓவியமே இல்லாத வெறும் கறுப்பு. பழுதுபார்த்த இடங்களை மறைத்து, மெல்லிய தங்கத் தகட்டை இலை இலையாக வெட்டி மேலே பதித்திருந்தார்கள். ஏதென்ஸ் சூளையில் பிடித்த கறுப்பின் மேல், கெல்டியப் பொற்கொல்லர் தன் ஊர் வேலைப்பாட்டை வைத்துவிட்டார்.